குறையைச் சொல்லி விற்ற கார்



கோட்டைப்பட்டினத்திலிருந்து திருச்சி விமான நிலையத்திற்குப் போய் வருவது எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு மாதக் கடமைபோல் ஆகிவிட்டது. அரபு நாட்டிலிருந்து யாராவது வந்துகொண்டிருப்பார்கள். அல்லது யாரையாவது வழியனுப்ப வேண்டியிருக்கும். அந்தப் பயணத்தை எண்ணித்தான் என் மச்சான், பழைய கார் விற்பவர் ஒருவரிடம் 2014 ஆம் ஆண்டின் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் ஒன்றை வாங்கினார். என் அக்காவின் இரண்டு வளையல்களும் அந்த விலையில் அடக்கம்.

ஒன்பதாம் நாள், ஹைப்ரிட் அமைப்பைச் சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0ஏ80 என்ற குறியீடு. பெரிய பேட்டரியை மாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். ஸ்கேனர் வைத்திருப்பவர் எவரும் இந்தக் குறியீட்டை ஒரு பொத்தானை அழுத்தி அழித்துவிடலாம். விளக்கு அணையும், பேட்டரியின் குறை மறுபடி அளவில் தெரியும்வரை சில நாள் அமைதியாக இருக்கும். விற்பதற்கு முன் யாரோ அதைச் செய்திருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. விற்றவரைக் கேட்டால், "பழைய பொருள், உத்தரவாதம் கிடையாது" என்று முடித்துக்கொண்டார்.

பேட்டரி தளர்ந்ததைத் தயாரிப்பின் குறை என்று சொல்ல மாட்டேன். பத்து ஆண்டு ஓடிய பேட்டரி அது. புதியதாக மாற்றக் கேட்ட தொகையோ, கார் வாங்கிய விலையில் பாதியைத் தாண்டியது. நான் ஷார்ஜாவின் தொழிற்பேட்டையில் ஒன்பது ஆண்டு பட்டறை வேலை செய்தவன். டாக்சியாக ஓடி அலுத்த கேம்ரிகளின் பேட்டரிகளைப் பிரித்துச் சேர்ப்பதே அங்கு என் வேலையாக இருந்தது. நானே செய்து தருவதாகச் சொன்னேன்.

இந்த பேட்டரி ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும், உள்ளே 34 மாட்யூல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் கொண்ட ஆறு செல்கள். ஆக, ஒரு மாட்யூல் 7.2 வோல்ட். எல்லாம் தொடராக இணைந்து 244.8 வோல்ட் தருகின்றன. சங்கிலி போன்ற இணைப்பு என்பதால், ஒரு மாட்யூல் தளர்ந்தால் மற்ற முப்பத்து மூன்றும் அதன் அளவுக்கு இறங்கியாக வேண்டும். காரின் கணினி இவற்றை இரண்டிரண்டாக, 17 தொகுதிகளாக அளக்கிறது. ஒரு தொகுதி மற்றவற்றிலிருந்து அதிகம் விலகினால் விளக்கை எரிய விடுகிறது.

படிப்பவர்களில் யாரேனும் இதைத் தாமே செய்யலாம் என்று நினைத்தால், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேர்மின்சாரத்தில் 245 வோல்ட் ஆளைக் கொல்லப் போதுமானது. உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முறையாகக் கற்காதவர் பெட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. கற்றவரும் சாவியை விலக்கி வைத்து, 12 வோல்ட் சிறிய பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் கையுறை அணிந்தே சர்வீஸ் பிளக்கை உருவ வேண்டும். உருவிய பிளக்கைத் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் பெட்டிக்குள் மாட்யூல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. பிளக் சங்கிலியை இடையில் துண்டிக்கிறதே ஒழிய, இருபுறமும் மின்னழுத்தம் நிற்கத்தான் செய்கிறது. மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் உடம்பில் இருக்கலாகாது. தனியாகவும் செய்யக் கூடாது. மச்சான் மூன்று நாளும் என் பக்கத்தில் நின்றார், பெரும்பாலும் தேநீரோடு.

பெட்டியைத் திறந்தவுடன் கண்ணில் பட்டது, மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் படர்ந்த பச்சைப் பாசி போன்ற களிம்பு. கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் இது இன்னும் விரைவாகவே வளரும். எல்லாத் தகடுகளையும் பளபளக்கத் தேய்த்தோம். பிறகு சோதனை. சும்மா அளந்தால் எல்லா மாட்யூல்களும் நல்ல பிள்ளைகள்தான். ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். சுமை கொடுத்தால்தான் குணம் தெரியும். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் எரிய விட்டு, மல்டிமீட்டரைப் பார்த்து எழுதினேன். 32 மாட்யூல்கள் மெல்ல இறங்கி நின்றன. நடுவில் இருந்த இரண்டு மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் சட்டென்று சரிந்தன. உள்ளே ஒரு செல் இறந்திருப்பதன் அடையாளம் அது. வெப்பம் அதிகம் தேங்குவது நடுவில்தான்.

இறந்த இரண்டின் இடத்தில் புத்தம் புதியவற்றை வைப்பது உதவாது. புதியதும் பழையதும் ஒரே வரிசையில் சேர்ந்து நடக்காது. கொள்ளளவு வேறுபட்டு மறுபடி விளக்கு எரியும். மற்றவற்றின் வயதுக்கு ஒத்த பழைய மாட்யூல்கள் இரண்டைத் தேடி வாங்கினோம். பிறகு ஒவ்வொரு மாட்யூலையும் தானே நிற்கும் சார்ஜரில் ஏற்றி, 6 வோல்ட் வரை இறக்கி, மீண்டும் ஏற்றினேன். மூன்று சுற்று. ஏற்றும்போது இருபுறமும் பலகை வைத்து இறுக்கிக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் மாட்யூல் உப்பி, பெட்டிக்குள் திரும்ப நுழையாது. கடைசியில் எல்லாவற்றையும் பக்க இணைப்பில் ஓர் இரவு விட்டு, ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தோம்.

பின்னிருக்கை அருகே காற்றை உள்ளிழுக்கும் சல்லடையைக் கழற்றியபோதுதான் நோயின் வேர் தெரிந்தது. தூசியும் நூலும் அடைத்து, விசிறியின் இறக்கைகள் கம்பளிபோல் இருந்தன. இதைத் துப்புரவு செய்வது எந்த ஆபத்தும் இல்லாத வேலை. ஹைப்ரிட் வைத்திருக்கும் வீட்டார் எவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சல்லடையைப் பார்க்கலாம். அந்த இடத்தில் பையையோ தலையணையையோ வைத்து அடைக்காமல் இருந்தாலே பாதி நன்மை.

அல்ஹம்துலில்லாஹ், விளக்கு மீண்டும் எரியவில்லை. நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிறகு, மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காக மச்சான் காரை விற்க வேண்டி வந்தது. மணமேல்குடியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். வண்டி அவருக்குப் பிடித்திருந்தது. பேட்டரியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

அன்று இரவு மச்சான் சொன்னார்: "இப்போதுதான் குறை இல்லையே. சரிசெய்தாகிவிட்டது. சரியான பொருளில் எதைச் சொல்வது? நம்மிடம் விற்றவர் சொன்னாரா?"

கேள்வியின் முதல் பாதி நியாயமாகத் தோன்றும். ஆனால் மாட்யூல் மாற்றுவது பேட்டரிக்கு அவகாசம் வாங்கித் தருவதுதான். மாற்றாத 32-ம் அதே பத்து ஆண்டு வெயிலைக் கண்டவை. இன்று இரண்டு விழுந்தன என்றால், ஆறு மாதத்திலோ இரண்டு ஆண்டிலோ மூன்றாவது விழும். ஷார்ஜாவில் ஒரே வண்டி மூன்று முறை திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழுதுபார்த்தவனுக்குத் தெரிந்த இந்தச் செய்தி, வாங்குபவரின் விலையை மாற்றக்கூடியது. மார்க்கச் சட்டத்தில் 'ஐப்' என்று சொல்லப்படும் குறைக்கு இதுவே அடையாளம். மறைத்து விற்றால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சி நாம் அறிந்ததே. அடியில் இருப்பது மேலே வர வேண்டும். பேட்டரியோ பின்னிருக்கைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா குறுக்கிட்டார்: "அவர் சொல்லாமல் விட்டதற்குத்தான் என் இரண்டு வளையலும் போனது. இன்னொரு வீட்டு வளையலை நாம் ஏன் கழற்ற வேண்டும்?"

மச்சான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் பேனாவைக் கேட்டார்.

ஒரு தாளில் எழுதினோம்: எந்த இரண்டு மாட்யூல்கள் மாற்றப்பட்டன, எந்த நாளில், ஒவ்வொன்றின் சோதனை அளவு என்ன, மற்றவை எவ்வளவு பழையவை, சல்லடையை எப்போது பார்க்க வேண்டும். மணமேல்குடிக்காரர் தாளை இரண்டு முறை படித்தார். தம் மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து வண்டியைக் காட்டினார். பிறகு ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்டார். மச்சான் முப்பதாயிரத்துக்கு இறங்கிப் பார்த்தார். கடைசியில் நாற்பதில் முடிந்தது. கட்டணத்தில் விழுந்த துண்டை மச்சானின் தம்பி கைமாற்றாகக் கொடுத்தார்.

இறந்த இரண்டு மாட்யூல்கள் இன்னும் என் கொட்டகையில் இருக்கின்றன. அறந்தாங்கியிலிருந்து வரும் பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். உள்ளே இருப்பது தோலை அரிக்கும் காரம்; 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர வேண்டும். முனைகளுக்கு டேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை திருச்சிக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டும், இன்ஷா அல்லாஹ்.