மீற்றர் சொல்லாத கணக்கு

பழைய வாகனம் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “எவ்வளவு ஓடியிருக்கு?” யார் வைத்திருந்தவர், எப்படிப் பராமரித்தவர், புத்தகம் யாருடைய பேரில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சென்ற வருடம் நான் பார்த்து வைத்திருந்த மாருதி 800 காரின் மீற்றரில் 187,000 கிலோமீற்றர் இருந்தது. அதைச் சொன்னதும் கந்தோரிலும் வீட்டிலும் ஒரே பதில்தான். “ஐயோ, அது வேணாம்.”

நான் படித்தது சமூகவியல். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஆனால் ஆபத்தை நிறுத்துப் பார்ப்பது என் அன்றாட வேலையோடு சேர்ந்தது. கடன் எடுக்கலாமா, சீட்டில் சேரலாமா, வெளிநாடு போகலாமா என்று கேட்டு வரும் பெண்களோடு இருந்து நாங்கள் நான்கு கேள்விகளை எழுதுவோம். எது பிழைத்துப் போகலாம்? பிழைத்தால் எவ்வளவு செலவு? அதை எங்களால் தாங்க முடியுமா? அந்தச் சுமையைக் கடைசியில் சுமப்பது யார்? இந்தமுறை அந்தக் கேள்விகளை எனக்கே கேட்டுப் பார்த்தேன்.

முதலில், வாகனம் உண்மையில் தேவையா என்ற கேள்வி. என் வீடு எழுவான்கரையில். வேலை பெரும்பாலும் வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அந்தத் துறையில் ஓடத்தில் ஏறித்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனோம். பாலம் வந்தபின் தூரம் சுருங்கிவிட்டது. ஆனால் உள்ளூரில் பல வீதிகள் இன்னும் கிரவல் வீதிகள்தான். மாரியில் என் ஸ்கூட்டி சேற்றில் இழுபடும். பொழுது பட்டால் யானைப் பயம். ஓர் இரவில் அவசரமாக ஒரு பெண்ணையும் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டுமென்றால், அந்த நேரத்தில் வரச் சம்மதிக்கும் ஓட்டோவைத் தேடுவதற்கே ஒரு மணித்தியாலம் போய்விடும். வீட்டில் அம்மாவுக்கும் மாதம் இரண்டு தடவை போதனா வைத்தியசாலைக் கிளினிக். ஆகவே கார் எனக்குப் பவிசு காட்டுவதற்கு அல்ல.

புதியது வாங்க வசதியில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில், நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடித் திரிந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. புதிதாக வந்தபோது விற்ற விலையைவிடக் கூடிய விலைக்குப் பல பழைய கார்கள் விற்கப்பட்டன. தடை நீங்கிய பிறகும், வரியோடு சேர்த்துப் புதியதன் விலை சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. என் கையில் இருந்தது சேமிப்பும் சீட்டுக் காசுமாகப் பதினைந்து இலட்சம்.

அந்தக் காசுக்குள் இரண்டு கார்கள் கிடைத்தன. இரண்டுமே மாருதி 800. ஒன்று 2006இல் பதிந்தது. 187,000 ஓடியது, பதினான்கு இலட்சம் கேட்டார்கள். மற்றது 2007இல் பதிந்தது. மீற்றரில் வெறும் 76,000. பதினாறு சொல்லிப் பதினைந்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டாவதையே காட்டினார்கள். புதிய பெயின்ற், பளபளப்பான ரயர்.

நான் வகுத்துப் பார்த்தேன். 187,000 என்பது பத்தொன்பது வருட ஓட்டம். ஒரு நாளைக்கு 27 கிலோமீற்றர். மட்டக்களப்பு நகரிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு ஏறக்குறைய ஒருவழிப் பயணம். வேலைக்குப் போய்வரும் ஒரு குடும்பத்தின் காருக்கு அது வழமையான ஓட்டம். 76,000 என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் அந்தக் காரின் பிரேக் மிதியில் றப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஸ்ரியறிங் வழுவழுத்துப் போயிருந்தது. சாரதியின் ஆசனம் ஒரு பக்கமாக அமிழ்ந்திருந்தது. அது கொஞ்சக் காலம் ஹயருக்கும் ஓடியதாகப் பேச்சோடு பேச்சாக விற்பவரே சொன்னார். மீற்றர் ஒன்று சொல்ல, மிதி இன்னொன்று சொன்னது.

மீற்றரைக் குறைத்து வைப்பது எங்கள் ஊரில் மட்டும் நடக்கும் காரியமல்ல. அமெரிக்காவில் 1972இலேயே அதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும் வருடத்துக்கு 450,000க்கு மேற்பட்ட வாகனங்கள் அங்கே பொய்யான மீற்றரோடு விற்கப்படுவதாக அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பெல்ஜியத்தில் வேறு வழி கண்டார்கள். கராஜுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஓடிய தூரம் ஒரு பொதுப் பதிவில் ஏறும். பழைய காரை விற்பவர் அந்தப் பதிவின் சான்றிதழைக் கொடுக்கவேண்டும் என்று 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே நமக்கு அப்படி ஒரு சான்றிதழ் கையில் கிடைப்பதில்லை. நாமேதான் தேடிப் பார்க்கவேண்டும்.

பல்கலைக்கழகத்தில் துணைப் பாடமாகப் பொருளியல் படித்தபோது ஜோர்ஜ் அகர்லொவ் என்பவரின் கட்டுரை பற்றிச் சொல்லித் தந்தார்கள். 1970இல் வந்த கட்டுரை. பழைய கார்ச் சந்தையை வைத்தே எழுதப்பட்டது. அமெரிக்காவில் வெளியே நல்லதாகத் தெரிந்து உள்ளே பழுதான காரைத் ‘தேசிக்காய்’ என்பார்களாம். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையே சொல்வார். அந்த விலை கட்டாது என்று நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் விலகுவார். சந்தையில் தேசிக்காய்களே மிஞ்சும். இந்த ஆய்வுக்காக அவருக்கு 2001இல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. நாங்கள் தேசிக்காயைப் புது வாகனத்தின் ரயருக்குக் கீழே வைத்து நசிப்பவர்கள். நசிக்கமுன் உள்ளே இருக்கும் தேசிக்காயைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பதுதான் நான் அதில் எடுத்துக்கொண்ட பாடம்.

187,000 ஓடிய காரை வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்தத் திகதியில் ஒயில் மாற்றியது, எத்தனையாவது கிலோமீற்றரில் கிளச் போட்டது, எவ்வளவு கொடுத்தது என்று எல்லாம் எழுதி, பில்களையும் ஒட்டியிருந்தார். கொப்பியையும் காரையும் கல்லடிப் பக்கத்தில் எங்களுக்குப் பழக்கமான கராஜ் அண்ணரிடம் கொண்டுபோனேன்.

“இஞ்ச பாருங்க தங்கச்சி, ஓடின வண்டிக்குப் பயப்படத் தேவயில்ல. ஓடாமக் கிடந்த வண்டிக்கும் தண்ணியில கிடந்த வண்டிக்கும்தான் பயப்படணும்” என்றார் அவர்.

அவர் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வாங்கப் போகும் சகோதரிகளுக்கு உதவும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராட் பண்ணச் சொன்னார். ஏற்கெனவே சூடாக்கி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். புகை நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ரேடியேற்றர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தாலும் அதே சந்தேகம்தான். பிறகு மூன்று சிலிண்டரிலும் அமுக்கத்தை அளந்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரேயளவு. ஆகவே எஞ்சின் தேய்ந்திருந்தாலும் சீராகத் தேய்ந்திருக்கிறது என்றார்.

அடுத்தது கறள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம். உப்புக் காற்று எஞ்சினைவிட முதலில் தகரத்தைத்தான் தின்னும். காரை உயர்த்தி அடிப்பக்கத்தைச் சுத்தியலின் பிடியால் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு வெள்ளம். 2011 ஜனவரி வெள்ளத்தை நம்மில் யார் மறப்பது? அப்படித் தண்ணீரில் நின்ற காரின் வயர்கள் வருடக்கணக்காகத் தொல்லை கொடுக்கும். ஆசனப் பட்டியை முழுதாக இழுத்துப் பார்த்தார். சேற்றுக் கோடு இருந்தால் அங்கே தெரியுமாம். தரை விரிப்பைத் தூக்கி, ஆசனத்தின் கீழுள்ள தண்டவாளத்தில் கறளைத் தேடினார். இந்தக் காரில் இல்லை. மற்றக் காரில் விரிப்பைத் தூக்க அதன் சொந்தக்காரர் விடவில்லை.

ஆசிரியரின் காரிலும் குறைகள் இருந்தன. ரைமிங் பெல்ற் 98,000இல் மாற்றியதாகக் கொப்பி சொன்னது. அடுத்தது மாற்றும் காலம் வந்துவிட்டது. முன்பக்க புஷ்கள் கிரவல் வீதியில் அடிபட்டுத் தளர்ந்திருந்தன. அந்தக் குறைகள் தெரிந்தவை என்பதால் விலை கேட்டு எழுதி, பேரம் பேச முடிந்தது. 76,000 ஓடியதாகச் சொன்ன காரில் எது எப்போது போகும் என்று எழுத ஒரு வரிகூட இருக்கவில்லை. எனக்கு மீற்றரில் இருந்த பயம் அந்த இடத்தில்தான் போனது.

போகாத பயமும் ஒன்று உண்டு. இது மெல்லிய தகரக் கார். காற்றுப்பை கிடையாது. பெரிய வாகனத்தோடு மோதினால் நம்மைக் காக்கும் பலம் குறைவு. ரயரும் பிரேக்கும் எப்போதும் சரியாக இருக்கவேண்டும், வேகம் குறைத்து ஓடவேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். யானைக்கு முன்னால் காரும் பெரிய காவல் இல்லை. ஆனால் மழையில், இருட்டில், ஸ்கூட்டியில் இரண்டு பிள்ளைகளை ஏற்றி வருவதைவிட ஆபத்துக் குறைவு.

கட்டாரில் இருக்கும் தம்பி தொலைபேசியில் வேறு யோசனை சொன்னான். “அக்கா, இன்னும் பத்து இலட்சம் லீசிங் போட்டு நல்லதா ஒண்டு எடுங்க.” எனக்குச் சொல்லப்பட்ட தவணை மாதம் 29,000 ரூபா, 48 மாதம். பெருக்கினால் 1,392,000. பழைய கார் பழுதானால் ஒரு மாதம் நிறுத்தி வைத்துவிட்டுக் காசு சேர்த்துத் திருத்தலாம். லீசிங் தவணை எந்த மாதமும் நிற்காது. கடன் முடியும்வரை அந்த நிறுவனமே வாகனத்தின் முழு உரிமையாளர். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதும், பிறகு காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் என்று பங்கிட்டுத் தந்ததும் நினைவிருக்கும். வாகனங்கள் வீட்டில் நின்றன, தவணை மட்டும் ஓடியது. கடனால் வாகனம் பறிபோன வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். எஞ்சின் பழுதால் அழிந்துபோன வீடு ஒன்றையும் நான் காணவில்லை.

கடைசியாகப் புத்தகம். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்க வேண்டும். அதில் ஏதும் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவங்களோடு வாகனம் கைமாறுவது இங்கே வழக்கம். அதை ‘ஓப்பின் பேப்பர்’ என்பார்கள். பேர் மாற்றாமல் வைத்திருந்தால், காசு நம்முடையது, வாகனம் சட்டப்படி இன்னொருவருடையது.

யாருடைய பேரில் மாற்றுவது என்ற கேள்வியும் வந்தது. “தம்பிர பேரில எழுதுவம் மகள். நாளைக்குப் பொலிஸ், கோடு எண்டு வந்தா ஒரு ஆம்பிளப் பேர் இருக்கிறது நல்லம்” என்றார் மாமா. அன்பாகத்தான் சொன்னார். நான் அவருக்கு எங்கள் வழக்கத்தையே எடுத்துச் சொன்னேன். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் மகளுக்குப் போகின்றன. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். வீட்டு உறுதி பெண்ணின் பேரில் இருப்பது நமக்குப் புதினமில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கும் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் யாருடைய பேரில் இருக்கின்றன? குடும்பம் பிரிந்தாலோ கணவர் இறந்தாலோ நகையும் இல்லை, வாகனமும் இல்லை என்று வந்து நிற்கும் பெண்களை நான் பார்க்கிறேன். வாகனத்தின் ஆபத்துக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை. மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி மகள், உன்ர உழைப்பு, உன்ர பேரில இருக்கட்டும்” என்றார்.

பதின்மூன்றரை இலட்சத்துக்கு ஆசிரியரின் காரை வாங்கினேன். மிச்சக் காசில் பேர் மாற்றம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் செலவுகள் போக, தொண்ணூறாயிரம் ரூபாவைத் திருத்த வேலைக்கென்று வங்கியில் தனியாகப் போட்டேன். பழைய கார் வாங்குபவர் கையில் உள்ள காசு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. முதல் இரண்டு மாதத்தில் பெல்ற்றுக்கும் புஷ்களுக்கும் 46,000 போனது. எழுதி வைத்த செலவு என்பதால் அது மனதை அதிகம் உறுத்தவில்லை. ஒருநாள் வவுணதீவுப் பக்கம் பற்றறி இறங்கி நின்றது. ஊர்ப் பொடியன்கள் தள்ளிவிட்டார்கள்.

மாரி தொடங்கிய பிறகு ஓர் இரவு, ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் பின்னாசனத்தில் இருக்க மண்முனைப் பாலத்தால் வந்தோம். ஊரும் பேரும் எழுத மாட்டேன். பிள்ளைகள் வரும் வழியில் நித்திரையாகிவிட்டார்கள். விடியமுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

உங்களில் யாராவது பழைய வாகனம் பார்த்துக்கொண்டிருந்தால், எவ்வளவு ஓடியது என்று தாராளமாகக் கேளுங்கள். அதோடு கொப்பி எங்கே, புத்தகம் யாருடைய பேரில், கடன் யாருடைய தலையில் என்று மற்ற மூன்றையும் கேளுங்கள். ஆசிரியர் தந்த கொப்பியில் இப்போது என் கையெழுத்தும் தொடர்கிறது. கடைசியாக எழுதியது 191,400இல் ஒயில் மாற்றியது.