எத்தனை சிப்பி, எத்தனை முத்து?

ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு வந்த முதல் மாசமே 'சூப்பர் ஹிட்' என்றோ 'ஊத்திக்கிச்சு' என்றோ தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். எதை எண்ணி அப்படிச் சொல்கிறோம்? இன்றைக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் மக்கா.

தமகோச்சி கேள்விப்பட்டிருப்பீங்க. முட்டை வடிவத்தில் பிளாஸ்டிக், மூணு பொத்தான், குட்டித் திரைக்குள் ஒரு பிராணி. சோறு போடணும், கழிவை அள்ளணும், கவனிக்காவிட்டால் செத்துப்போகும். பொம்மையா, வீடியோ கேமா என்று பிரிக்க முடியாத சாமான்! ஜப்பானின் பண்டாய் கம்பெனி 1996 நவம்பரில் வெளியிட்டது. கடைகளில் வரிசை, வந்த சரக்கு உடனே காலி.

சிக்கலே இங்கேதான். 10 கேட்டால் 2தான் வரும் என்று தெரிந்த கடைக்காரர் என்ன செய்வார்? 50 கேட்பார். அதையும் நாலு மொத்த வியாபாரியிடம் கேட்பார். ஒரே பிள்ளை நாலு கடையில் சொல்லி வைத்திருக்கும். ஒருத்தர் ஆசை கம்பெனி ஏட்டில் பத்தாகத் தெரியும். பண்டாய் உற்பத்தியைக் கூட்டியது. சரக்கு தாராளமாகக் கிடைத்ததும் ஆர்டர்கள் கரைந்துபோயின. சுமார் 4 கோடி விற்ற சாமான் அது. இருந்தும் 1999 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் பண்டாய்க்கு நட்டம். தேங்கிய தமகோச்சிகள் அதற்கு முக்கியக் காரணம்.

எங்க தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. பாரில் சிப்பி நிறையக் கிடக்கிறது என்பதற்காக மட்டும் குளிப்பு அறிவிக்க மாட்டார்கள். முன்னதாகவே மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போட்டு, ஆயிரம் சிப்பி என்ன பெறும் என்று பார்ப்பார்கள். அதன் பிறகுதான் முடிவு.

கடைக்காரர் கொடுக்கும் ஆர்டர் திறக்காத சிப்பி மாதிரி. பிள்ளை காசு கொடுத்து வாங்கி, ஒரு மாசம் கழித்தும் விளையாடினால் அது முத்து. கம்பெனிகள் பெரும்பாலும் அறிவிப்பது கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை. நம்ம துறைமுகத்தில் கப்பலேறும் கன்டெய்னரும் அப்படித்தான். போய்விட்டது தெரியும், போன இடத்தில் விற்றதா என்பது தெரியாது.

பெரிய கம்பெனி ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துவிடும். சின்னக் கடைக்கு அந்த வசதி இல்லை. எங்க பெரியப்பா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவர். போட்ட முதல் கடன் வாங்கிய பணம். தேங்கின பெட்டிக்கும் வட்டி ஓடும். புதுச் சாமான் நாலே நாளில் தீர்ந்தாலும் உடனே அடுத்த பெட்டி எடுக்க மாட்டார். "முதல்ல வாங்குறவன் ஆசையில வாங்குவாம்லே. தங்கச்சிக்கு இன்னொண்ணு கேட்டு வாரானான்னு பாரு" என்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். 2004-ல் தமகோச்சி புது வடிவில் திரும்பி வந்து மறுபடி நன்றாகவே விற்றது. ஆக, சாமான் நல்ல சாமான்தான், எண்ணிய விதம்தான் கோளாறு :-)

அடுத்த தடவை 'முதல் வாரத்திலேயே இத்தனை லட்சம்' என்று செய்தி வந்தால், கடைக்குப் போனதா, வீட்டுக்குப் போனதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.