பலகையா, பல கையா?

பி.காம் படிக்கிறவனுக்கும் பிராசஸருக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்கப் போறீங்க. சம்பந்தம் எங்க பெரியப்பா பொண்ணு. அக்கா இன்ஜினியரிங் கடைசி வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, "எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுடா"ன்னு ரிப்போர்ட்டை அனுப்பினா. எழுத்துப்பிழை மட்டும் பாத்திருந்தா இந்தப் பதிவே இல்ல.

அக்காவோட ப்ராஜெக்ட் இதுதான். பெரிய மேட்ரிக்ஸை அப்படியே பெருக்காம சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சுப் பெருக்கினா, பிராசஸர் பக்கத்துலயே இருக்கிற கேஷ் மெமரியில டேட்டா கிடைக்காம வெளியே ஓடுறது குறையும். அந்த ஓட்டத்தை எண்ணுறதுக்கு பெர்ஃப்னு ஒரு டூல். 2009ல லினக்ஸ் 2.6.31 கூட வந்தது.

விக்கிரவாண்டிக்காரங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கிறது ஈஸி. நம்ம டோல்கேட்டை நினைச்சுக்கோங்க. கார் எத்தனை, பஸ் எத்தனை, லாரி எத்தனைன்னு கணக்கு வருது இல்லையா, அதே மாதிரி பிராசஸருக்குள்ளயே எண்ணுற கவுண்டர்கள் இருக்கு. ஒரு கோருக்குப் பெரும்பாலும் நாலுல இருந்து எட்டு. ஆனா எண்ணக்கூடிய சமாச்சாரம் நூத்துக்கணக்குல. கவுண்டரை விட அதிகமா கேட்டா, கொஞ்ச நேரம் பஸ், கொஞ்ச நேரம் லாரின்னு முறை வெச்சு எண்ணி, முழு நேரத்துக்கும் பெருக்கி உத்தேசமா ஒரு நம்பர் குடுக்கும். பொங்கலுக்கு முந்தின ராத்திரி பத்து நிமிஷம் எண்ணிட்டு நாள் கணக்கு சொல்ற மாதிரி :-) ஆனா யோக்கியமான டூல். எத்தனை சதவீத நேரம் நிஜமா எண்ணினேன்னு பக்கத்துலயே போட்டுடும்.

எதை எண்ணணும்னு நாமதான் பேரு சொல்லணும். கேஷ்-மிஸ்ஸஸ்னு பொதுப்பேரு சொல்லலாம். பின்னால முக்காற்புள்ளி வெச்சு 'யு' போட்டா நம்ம புரோகிராம் செஞ்சது மட்டும், 'கே' போட்டா கெர்னல் செஞ்சது மட்டும். பொதுப்பேரு இல்லாத ஈவென்ட்டுக்கு 'ஆர்' எழுத்தைப் போட்டு, ஒட்டியே ஹெக்ஸ் நம்பர் எழுதலாம்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்துல பொதுமொழின்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? பலகைன்னா ஒரே சொல்லா எடுத்தா மரப்பலகை. பிரிச்சா பல கை. தாமரை, எட்டு, வேங்கை எல்லாம் அந்த ஜாதி. இன்டெல் மெமரி கன்ட்ரோலரோட ஒரு கவுண்டர்ல 'ரீட்'னு ஒரு ஈவென்ட். மெமரியில இருந்து எவ்வளவு படிச்சதுன்னு எண்ணும். அதை இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க. ஆர், ஈ, ஏ, டி. முதல் எழுத்து ஆர். மிச்சம் மூணும் ஹெக்ஸ்ல செல்லுபடியாகிற எழுத்து. பெர்ஃப் அதைச் சொல்லா எடுக்காம, பிரிச்சு, "ஓ, 3757ஆம் நம்பர் ஈவென்ட்டா"ன்னு எடுத்துக்கிச்சு! 2020லதான் சரி பண்ணாங்க. முதல்ல அந்தப் பேருல ஈவென்ட் இருக்கான்னு பாரு, இல்லேன்னா மட்டும் நம்பரா எடுன்னு. எங்க தமிழையா இதைத்தான் "இடம் பாத்துப் பொருள் கொள்ளுடா"ன்னு சொல்லிட்டே இருப்பார்.

சரி, அக்கா விஷயம். ரிப்போர்ட்ல ஒரு டேபிள். பழைய முறை, புது முறை, கேஷ்-மிஸ்ஸஸ் தடாலடியா குறைஞ்சிருக்கு. அடியில சின்ன எழுத்துல, பழைய முறை ஓடினது வீட்டு லேப்டாப்ல (ஏஎம்டி ரைசன்), புது முறை ஓடினது காலேஜ் லேப்ல (இன்டெல்).

எனக்கு வயித்தைக் கலக்குச்சு. காரணம் விழுப்புரத்துல நான் பார்ட் டைமா போற ஆடிட்டர் ஆபீஸ். அங்க ஒரு பார்ட்டிக்கு ரெண்டு கிளை, ரெண்டு டாலி கம்பெனி. ரெண்டுலயும் 'ஃப்ரைட்'னு லெட்ஜர். ஒருத்தர் அதுல சரக்கு வாங்கின வண்டி வாடகையைப் போடுவார், அது டிரேடிங் அக்கவுண்ட்டுக்குப் போகணும். இன்னொருத்தர் சரக்கு அனுப்பின வாடகையைப் போடுவார், அது லாப நட்டக் கணக்குக்கு. பேரு ஒண்ணுதானேன்னு கூட்டினேன். மொத்த லாபமே மாறிப்போச்சு, வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுல இருந்து பேரை நம்பறதில்ல, எந்த குரூப்புக்குக் கீழ இருக்குன்னு பாப்பேன்.

ராத்திரி உக்காந்து தேடினேன். கேஷ்-மிஸ்ஸஸ்னு சொன்னா பெர்ஃப் ரெண்டு மிஷின்லயும் கெர்னலுக்கு ஒரே நம்பரைத்தான் அனுப்புது: 3. வவுச்சர் நம்பர் மாதிரி. அதுக்கு மேல கெர்னல்தான் அந்தந்த சிப்புக்கு ஏத்த மாதிரி மொழிபெயர்க்குது. இன்டெல்ல அது கடைசி லெவல் கேஷ்ல கிடைக்காததை எண்ணும். ரைசன்ல ரெண்டாவது லெவல்ல கிடைக்காததை. ரெண்டாவதுல கிடைக்காதது மூணாவதுல கிடைச்சிடலாம், அதனால ரைசன் நம்பர் இயல்பாவே பெருசா வரும். மேனுவல்லயே 'வழக்கமா' கடைசி லெவல்னுதான் ஜாக்கிரதையா எழுதியிருக்காங்க. யாரைக் குத்தம் சொல்றது? சென்னை ஐஐடியோட சக்தி பிராசஸர் இருக்கே, அது போற ரிஸ்க்-ஃபைவ் வழியில இன்னும் மோசம். 29 கவுண்டருக்கு இடம் விட்டுட்டு, எதை எண்ணுறதுன்னு சிப் செய்றவங்க முடிவுக்கே விட்டுட்டாங்க.

மறுநாள் காலையில போன் பண்ணேன். "அக்கா, கோச்சுக்காத. உன் டேபிள்ல பாதி பஸ், பாதி லாரி."

"நீ பி.காம்டா"ன்னா. அப்புறம் ரொம்ப நேரம் பேசல. அழுதாளோன்னு சந்தேகம்.

சாயங்காலம் ரெண்டு புரோகிராமையும் ஒரே லேப்டாப்ல ஓட்டினா. குறையத்தான் செஞ்சுது, ஆனா ரிப்போர்ட்ல சொன்னதுல பாதி கூட இல்ல. விடிய விடிய டேபிள், கிராஃப், முடிவுரை எல்லாத்தையும் மாத்தினா. பைண்டிங் ஏற்கெனவே போட்டாச்சு, மறுபடி காசு குடுத்துப் போட்டோம்.

ரிவ்யூல அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவே இல்லையாம். "இதுக்கா ராத்திரி முழுக்க என்னை முழிக்க வெச்ச"ன்னு இன்னைக்கு வரைக்கும் திட்டுறா. பைண்டிங் காசும் இன்னும் தரல.