அரண்மனையில் வந்த சோதனை

சோதனை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மது, சூது, திருட்டு போன்றவைதான். இவை கெட்டவை என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒரு கிறிஸ்தவனைச் சாய்க்கும் சோதனைகளில் பல, நல்ல காரணங்களோடுதான் வந்து கதவைத் தட்டுகின்றன.

மத்தேயு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 40 நாள் நோன்பிருந்து பசியோடு இருக்கும் இயேசுவிடம் சாத்தான் முதலில் பேசியது அப்பத்தைப் பற்றி! பசித்தவன் சாப்பிடுவது பாவமா என்ன? அதுதான் சோதனையின் தந்திரம். பாதி நியாயம் அதன் பக்கம் இருப்பது போலவே தோன்றும்.

காரைக்குடியை அடுத்த கோவிலூர் என்றால் அங்குள்ள வேதாந்த மடம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். துறவு என்பது அந்த வட்டாரத்துக்குப் புதிய சொல் இல்லை. அங்கிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகக் கிழக்கே போனால் ஓரியூர் வரும். அந்த ஊரின் பெயரும் ஒரு துறவியோடு சேர்ந்ததுதான். அவர் புனித அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ.

1647ல் லிஸ்பன் நகரில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தவர். 1662ல் இயேசு சபையில் சேர்ந்து, 1673ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். மதுரை மிஷனில் பண்டாரசாமியாக, காவி உடுத்தி, இறைச்சியும் மதுவும் தொடாமல் ஊர் ஊராக நடந்தார்.

1686ல் மறவர் நாட்டில் அவரையும் உடனிருந்த உபதேசியார்களையும் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். அவர்கள் விசுவாசத்தை விடவில்லை. உயிர் தப்பியது பெரிய விஷயம்.

அதைவிடக் கடினமான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. 1687ல் மிஷன் வேலையாக அவரைப் போர்ச்சுகலுக்கு அனுப்பினார்கள். கூட வளர்ந்த தோழர் அப்போது மன்னர். அவரை அங்கேயே இருக்கச் சொன்னார். காரணமா இல்லை? உடல் நொந்திருந்தது. அரசருக்குப் பக்கத்தில் இருந்தால் மிஷனுக்கு எத்தனையோ உதவி செய்யலாம். திரும்பிப் போனால் மரணம் காத்திருக்கலாம். அவர் அங்கேயே தங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1690ல் அவர் இந்தியா திரும்பினார்.

இது எப்படி முடிந்தது? ஐரோப்பாவிலும் அவர் மதுரையில் பழகிய எளிய உணவையே விடவில்லை என்கிறார்கள் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் சோதனை ஒருவனிடம் மொத்தத் தொகையையும் ஒரே நாளில் கேட்பதில்லை. தவணை முறையில்தான் வசூலிக்கிறது. இன்று ஒரு வேளை விருந்து, நாளை ஒரு மெத்தை, அடுத்த மாதம் ஒரு பதவி. முதல் தவணையைக் கட்டாதவனிடம் இரண்டாவது தவணை கேட்டு எப்படி வரும்?

கடைசிச் சோதனை மறவர் நாட்டிலேயே வந்தது. தடியத்தேவர் என்ற அரச குடும்பத்தவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒருவரோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். பெரிய இடத்து மனிதர் ஆயிற்றே, கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டால் மிஷனுக்கே பாதுகாப்பு கிடைக்குமே என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தடியத்தேவரும் ஒப்புக்கொண்டார். விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் சேதுபதியிடம் முறையிட்டார். அவருடைய வேதனையிலும் நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஒருவர் சரியானதைச் செய்யும்போது அதன் சுமையை வேறு ஒருவரும் சேர்ந்து சுமக்க நேர்கிறது. நல்லதைச் செய்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஓரியூரின் செம்மண்ணை இன்றும் பக்தர்கள் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள்.

இன்றைய இளைஞனைத் தேடி வாளோடு யாரும் வருவதில்லை. "எல்லோரும் பார்த்துத்தானே எழுதுகிறார்கள்", "கம்பெனிக்காக ஒரு பொய் பில் போட்டால் என்ன", "வீட்டுக் கஷ்டத்துக்காகத்தானே" என்ற குரல்கள்தான் வருகின்றன. ஒவ்வொன்றிலும் பாதி நியாயம் இருக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் தோற்றுவிடுவது எளிது. யாரும் பார்க்காத சாதாரண நாட்களில், சின்ன விஷயங்களில் பழகிய உண்மைதான் அப்போது கைகொடுக்கும். சோதனைக்கு உட்படாதபடி காக்க வேண்டும் என்ற ஜெபத்தைத் தினமும் சொல்லும்படி இயேசு கற்றுக்கொடுத்ததும் அதனால்தானோ என்னவோ!