பாய்க்கு அடியில் இருந்த துரு

பின் கதவின் கொண்டி மாட்டவில்லை. அவருக்கு முதலில் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று ஏக்கரில் தக்காளி போடுகிறவர் அவர். முக்கால் டன் ஏற்றும் சின்ன சரக்கு வண்டி ஒன்று வைத்திருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன் மனைவியின் நகையை அடகு வைத்து, முன்பணம் கட்டி வாங்கியது. பறிப்பு நாட்களில் மகன்தான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு ஓட்டிப் போவான். மற்ற நாட்களில் உரம், எரு, மாட்டுத் தீவனம், சொட்டுநீர்க் குழாய் என்று அந்த வண்டி சும்மா நிற்காது.

அன்று காலையில் பெட்டி ஏற்றி முடித்துப் பின் கதவைத் தூக்கினால், வலது பக்கக் கொண்டி ஒரு விரல்கடை கீழே நின்றது. "போன வாரமே வேகத்தடையில ஏறி இறங்கினப்ப பின்னாடி டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுப்பா" என்றான் மகன். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கொண்டியை மாட்டி அனுப்பிவிட்டார். மறுநாள் பறிப்புக்குத் தட்டியும் மாட்டவில்லை.

டவுனில் உள்ள பட்டறையில் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. தரைத் தகடு துருப்பிடித்துவிட்டது. அதன் மேலேயே 3 மி.மீ. செக்கர் பிளேட்டைப் போட்டுச் சுற்றிலும் வெல்டிங் வைத்துவிடலாம். பாடி இறங்காமல் இருக்க நேராக சேஸிலேயே நாலு இடத்தில் பற்றவைத்துவிடலாம். வேண்டுமானால் பக்கக் கதவுகளை ஓர் அடி உயர்த்தித் தரலாம். ஒரே நாளில் வேலை முடியும். தக்காளிக்கு விலை இருந்த வாரம் அது. அவருக்கு அந்த 'ஒரே நாள்' பிடித்துப்போனது.

வீட்டில் கணக்கு எழுதுகிறவர் அவர் மனைவி. "அந்தத் தகடு எவ்வளவு கனமுங்க?" என்று கேட்டார். இவரிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்குப் போட்டாள். 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 24 கிலோ. ஏழடிக்கு ஐந்தடி தரை என்றால் மூன்றேகால் சதுர மீட்டர். மேலே எழும்பிய பூவேலையையும் சேர்த்தால் 80 கிலோவைத் தாண்டும். பெட்டிக்கு 14 கிலோ என்றால் கிட்டத்தட்ட ஆறு பெட்டி. "அப்ப ஒவ்வொரு நடைக்கும் ஆறு பெட்டியைக் குறைச்சு ஏத்தணும். இல்லைன்னா வண்டி தாங்குறதைவிட அதிகமா ஏத்தணும். இதுல எதைச் செய்யப் போறீங்க?"

அந்தக் கேள்விதான் அவரை ஊருக்குள்ளேயே இருக்கும் பழைய பட்டறைக்குப் போக வைத்தது. அங்கிருந்த பெரியவர் லாரி பாடி கட்டும் திருச்செங்கோட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வண்டியைச் சுற்றி வந்தார். தரையில் விரித்திருந்த ரப்பர் பாயைக் கையால் காட்டி, "முதல்ல இதை எடுங்க" என்றார்.

பாயை எடுத்ததும் இவருக்கு முகம் மாறிவிட்டது. தகடு கீறாமல் இருக்கட்டும் என்று அவரே ஆசையாக வாங்கிப் போட்ட பாய் அது. அதற்கு அடியில் மண்ணும் உரத்தூளும் ஈரமும் சேர்ந்து களியாக அப்பிக் கிடந்தன. போன வருடம் ஒரு பொட்டாஷ் மூட்டை கிழிந்து கொட்டியதை மனைவி நினைவுபடுத்தினார். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குப் பங்காளி. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். எருவின் ஈரமும் அதற்குத் துணை.

பெரியவர் வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் 'ணங்' என்று கேட்டது. பின்பக்கம் வந்ததும் 'பொத்' என்றது. அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது.

"தரைத் தகடு தானா எடையைத் தாங்காது தம்பி. அடியில குறுக்குச் சட்டம் போகுது பாருங்க, தொப்பி மாதிரி வளைச்சது. பெட்டியோட எடை தகட்டுல இருந்து இந்தச் சட்டத்துக்கு வந்து, சட்டத்துல இருந்து சேஸுக்குப் போகுது. தகட்டுல வரிவரியா நெளிவு போட்டிருக்கிறதே மெல்லிசுத் தகடு வளையாம நிக்கத்தான். உங்களுக்குப் பின்னாடி ரெண்டு சட்டமும் போச்சு. அதனாலதான் மூலை இறங்கிக் கொண்டி மாட்டலை. மேல எவ்வளவு கனமான தகடு போட்டாலும் கீழே உட்கார இடம் இல்லையே."

சேஸில் பற்றவைக்கலாமா என்று கேட்டபோது தலையை ஆட்டினார். பள்ளத்தில் இறங்கும்போது சேஸ் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். அதற்காகத்தான் பாடியை ரப்பர் வைத்து போல்ட்டில் நிறுத்துகிறார்கள். அங்கே பற்றவைத்தால் சூடுபட்ட இடத்தில் நாளடைவில் விரிசல் விடும். கதவை உயர்த்துவதையும் வேண்டாம் என்றார். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்ற 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை போடுகிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

வேலைக்கு நாலு நாள் கேட்டார். கூலியில் இரண்டு பட்டறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நாட்களில்தான். இவர் மகனைப் பார்த்தார். இந்த வண்டியை ஓட்டப்போகிறவன் அவன்தான். சரி என்று சொல்லிவிட்டு, நாலு நாளைக்கு வாடகை வண்டி பேசினார்.

முதல் நாள் மாலை போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். மறுநாள் கதவுகளைக் கழற்றி, ஆறு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி இறக்கினார்கள். டீசல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் வண்டியோடு ஒதுங்கிவிட்டதால் தீப்பொறிக்குப் பயமில்லை. வண்டியிலேயே வைத்துப் பற்றவைக்க வேண்டி வந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.

பின்பக்கம் ஒன்றரை அடித் தரையை வெட்டினார்கள். துரு தெரிந்த இடத்தோடு நிறுத்தவில்லை. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டினார்கள். துருவின் மேல் வெல்டிங் நிற்காது. பழைய அளவிலேயே வளைத்த இரண்டு சட்டங்கள் ஏறின. ஒட்டுத் தகட்டையும் பழைய கனத்திலேயே எடுத்து, மூலைகளை வட்டமாக வெட்டினார்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். ஒரே மூச்சாகப் பற்றவைத்தால் தகடு நெளியும் என்பதால் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்துப் பிறகு நிரப்பினார்கள். நடுவில் கயிறு பிடித்து, மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே இருந்தார் பெரியவர். அது ஒன்றாக இருந்தால்தான் கதவு நேராக உட்காரும்.

சட்டத்தைப் பொருத்துவதற்கு முன்பே உள்பக்கம் ஜிங்க் பிரைமர் அடித்தார்கள். மூடிய பிறகு அங்கே பிரஷ் போகாது. இணைப்புகளில் பசை பூசி, தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டு, அடியிலும் மேலும் பெயின்ட் அடித்துக் காயவிட்டார்கள்.

நாலாம் நாள் மகன் கதவைத் தூக்கிக் கொண்டியை ஒரே விரலால் மாட்டினான். ஒன்றும் சொல்லவில்லை, கழற்றி இன்னொரு முறை மாட்டிப் பார்த்தான்.

இப்போது அந்த வீட்டில் உரம் இறக்கிய அன்றே வண்டியைக் கழுவிவிடுகிறார்கள். ரப்பர் பாய் இன்னமும் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதை எடுத்து வேலியில் காயப்போடுவது அவருடைய வேலை. மழைக்காலம் தொடங்கும் முன் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டிப் பார்க்கிறார். கடைசிச் சட்டம் வரைக்கும் 'ணங்' என்று கேட்ட பிறகுதான் எழுந்து வருகிறார்.