ஓசி கரண்டும் ஹைபிரிட் காரும்

பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து புதுக் காரில் வந்தான். வந்ததே தெரியவில்லை. களத்தில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. பால்காரர் மொபெட் முக்கு திரும்பும்போதே குரைக்க ஆரம்பிக்கிற நாய் அது.

"என்ன மாப்ள, டீசல் தீந்துபோய் தள்ளிட்டு வந்தியா?" என்றேன்.

"ஹைபிரிட்டுங்க மாமா. மெதுவாப் போறப்ப பேட்டரியிலயே ஓடும். இஞ்சின் தூங்கிட்டிருக்கும்."

சார்ஜ் போடுகிற ஓட்டை எங்கே என்று வண்டியைச் சுற்றி வந்து தேடினேன். அப்படி எதுவும் இல்லையாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றுகிற வேகமே கரண்டாகி பேட்டரிக்குப் போகுமாம், மீதியை இஞ்சின் பார்த்துக்கொள்ளுமாம். சின்ன வயசில் சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தின்மேல் சாய்த்தால் மிதிக்கக் கனமாக இருக்குமே, அந்தக் கனம்தான் இங்கே பிரேக் வேலையைப் பாதி பார்க்கிறது. அது வரைக்கும் எனக்குப் புரிந்தது.

தகராறு பட்டிப் பொங்கல் அன்றைக்குச் சாயங்காலம் ஆரம்பித்தது. மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஊரில் டாக்சி ஓட்டுகிற தம்பியும் வந்திருந்தார். மாப்பிள்ளை பொருமினான்:

"இந்தக் காருக்கு அரசாங்கம் என்ன பண்ணுது தெரியுங்களா மாமா? மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். எனக்கு 40. 2025 செப்டம்பர் வரைக்கும் செஸ்ஸோட சேர்த்து 43. ரோடு டாக்ஸ் மின்சாரக் காருக்குக் கிடையாது. எனக்கு 18 சதவீதம். நானும் பெட்ரோலை மிச்சம்தானே பண்றேன்?"

கணக்கு உண்மைதான். கடையில் 14 லட்சம் என்று விலை சொல்கிற ஹைபிரிட் காரில், வண்டியின் விலை 10 லட்சம், வரி 4 லட்சம். ரோடு டாக்ஸ் அதற்குமேல் ரெண்டரை லட்சத்தை ஒட்டி வரும். நாலு மீட்டருக்கு மேல் நீளமான கார் என்றால் சொகுசுக் கார் என்பது வரிக்காரர்களின் கணக்கு. உள்ளே பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தார்கள். அப்போது மின்சாரக் கார் செய்கிறவர்கள் ஒரு பக்கமும் ஹைபிரிட் செய்கிறவர்கள் ஒரு பக்கமும் நின்று மல்லுக்கட்டினார்கள். மாப்பிள்ளை இதெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தான்.

"அப்ப மானியம் கேக்கற" என்றேன்.

"மானியம் கேக்கலைங்க. வரியைக் குறைக்கத்தான் கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. ஒண்ணு கையில குடுக்கறது, இன்னொண்ணு கையில இருந்து எடுக்காம விடறது. வீட்டுக்காரிக்கு நூறு ரூபா குடுக்கறதும், அவ சுருக்குப்பையில இருந்து நூறு ரூபா எடுக்காம இருக்கறதும் அவளுக்கு ஒரே வரவுதானே?"

உள்ளேயிருந்து "ரெண்டையும் இது வரைக்கும் பார்த்ததில்ல" என்று சத்தம் வந்தது.

சரி, கணக்கே போட்டுவிடலாம் என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டோம். அதே கார் சாதா பெட்ரோலில் வாங்கினால் ரெண்டு லட்சம் குறைவு என்று வைத்துக்கொண்டோம். பெட்ரோல் ரவுண்டாக 100 ரூபாய். சென்னை டிராஃபிக்கில் சாதா கார் லிட்டருக்கு 11, ஹைபிரிட் 22. நெடுஞ்சாலையில் சாதா கார் 20, ஹைபிரிட் 27. நிறுத்தி நிறுத்திப் போகிற இடத்தில்தான் பிரேக்கிலிருந்து கரண்டு வரும். அதனால் டவுனில் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய் மிச்சம், நெடுஞ்சாலையில் ஒண்ணு முப்பதுதான்.

மாப்பிள்ளை வருசத்துக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டுகிறான். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. டவுனில் 6,000, வெளியூர் 3,000. மிச்சமாவது 31,000 ரூபாய் சில்லறை. ரெண்டு லட்சம் திரும்பி வர ஆறரை வருசம்.

"வட்டி?" என்றேன்.

"என்னங்க மாமா?"

"அந்த ரெண்டு லட்சம் பேங்க்ல இருந்தா வருசம் 14,000 வட்டி வரும்ல? அதைக் கழி."

கழித்தான். 17,000 நின்றது. கிட்டத்தட்ட 12 வருசம். அதற்குள் பேட்டரிக்கு வாரண்டி முடிந்திருக்கும். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது டாக்சித் தம்பி தாளை வாங்கிக்கொண்டார். அவருடைய டீசல் வண்டி நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். வருசத்துக்கு 60,000 ஓட்டுகிறார், பெரும்பாலும் கோவை ஏர்போர்ட், ஊட்டி, பழனி. எல்லாமே நெடுஞ்சாலை என்று வைத்தாலும், சாதா பெட்ரோல் வண்டி வாங்குவதற்குப் பதில் ஹைபிரிட் வாங்கினால் வருசம் 78,000 மிச்சம். 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி அதில் 24,000 போனாலும் நாலு வருசத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும்.

"ஏனுங்ணா, அப்ப இந்த வண்டி எனக்குத்தானே லாயக்கு?" என்றார்.

"லாயக்குதான்."

"ஆனா அந்த ரெண்டு லட்சத்தை யாருங்ணா எனக்குக் குடுப்பாங்க? பைனான்ஸ்காரன் இருக்கற தவணைக்கே மூஞ்சியைத் திருப்பறான்."

எனக்குத் தெரிந்து மொத்த விவாதமும் இங்கேதான் நிற்கிறது. மாப்பிள்ளை மானியம் இல்லாமலேயே காரை வாங்கிவிட்டான். அவன் வாங்கினால் வருசத்துக்கு 300 லிட்டர் பெட்ரோல் மிச்சம். டாக்சித் தம்பி வாங்கினால் 780 லிட்டர் மிச்சம், ஆனால் அவரால் வாங்க முடியவில்லை. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அரசாங்கம் ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தால் எத்தனை லிட்டர் மிச்சமாகும் என்று பார்த்தால், அந்த ரூபாய் மஞ்சள் போர்டுக்குத்தான் முதலில் போகவேண்டும். வெள்ளை போர்டு அப்புறம்தான்.

மாப்பிள்ளைக்கும் இது தெரியாமல் இல்லை. அவனே சொன்னான். 2015 ஏப்ரலில் மத்திய அரசு 'ஃபேம்' திட்டம் கொண்டுவந்தபோது, பேட்டரி பேருக்கு மட்டும் இருந்த மைல்டு ஹைபிரிட் டீசல் கார்களுக்கும் 13,000 ரூபாய் வரைக்கும் மானியம் போனது. அந்தக் கார்கள் பேட்டரியில் மட்டும் பத்தடி கூட ஓடாது. ரெண்டு வருசம் கழித்து 2017 ஏப்ரலிலிருந்து நிறுத்தினார்கள். 2019ல் வந்த ரெண்டாவது 'ஃபேம்' திட்டத்தில் காருக்கான பணத்தைப் பெரும்பாலும் வாடகை வண்டிகள் பக்கம் திருப்பினார்கள்.

அமெரிக்காவில் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். 2006லிருந்து ஹைபிரிட் கார் வாங்கினால் வருமான வரியில் சலுகை. ஆனால் ஒரு கம்பெனி 60,000 வண்டி விற்றதும் அந்தக் கம்பெனிக்குச் சலுகை படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். டொயோட்டாவுக்கு 2007 செப்டம்பரோடு முடிந்துபோனது. அதற்கப்புறமும் பிரியஸ் விற்கத்தான் செய்தது.

"பாத்தியா, மானியம்னா இப்படி முடிவு தெரிஞ்சு குடுக்கணும்" என்று நான் வாயைவிட்டேன்.

மாப்பிள்ளை இதற்காகத்தான் காத்திருந்த மாதிரி நிமிர்ந்தான்.

"அப்ப உங்க ஓசி கரண்டு எப்பங்க மாமா முடியும்?"

சுருக்கென்றது. எங்கள் ஊரில் இதைச் சும்மா பேசிவிட முடியாது. இங்கிருந்து வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பெருமாநல்லூர். 1970ல் கரண்டுக் கட்டணத்தை ஏற்றினதை எதிர்த்து நின்ற விவசாயிகள் மூன்று பேர் அங்கே துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எங்கப்பா சாகிற வரைக்கும் அந்த ஊரைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிடுவார். அப்புறம் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்கள். கலைஞர் 1989ல் ஆட்சிக்கு வந்த பிறகுதான் எல்லா விவசாயிக்கும் இலவசம் என்று ஆனது.

அதையெல்லாம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். "உன் கார் கம்பெனிக்காரன் எஃகு விலை ஏறினா வண்டி விலையை ஏத்திக்குவான். என் தேங்காய்க்கு நான் விலை வெக்க முடியுமா? கரண்டுல விட்டுக்குடுத்துட்டு விலையில புடிச்சுக்கறாங்க. அது ஓசியில்ல, பாக்கி."

"அது சரிங்க மாமா" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு மும்முனைக் கரண்டு வந்தது. காட்டுக்குள் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன். கரண்டு வந்தால் மோட்டார் ஓடும், நான் எழுந்து போகவேண்டியதில்லை. தொட்டி நிறைந்து வாய்க்காலில் வழிந்தால் வழியட்டும். வருசக்கணக்காக அப்படித்தான்.

எங்க தாத்தா கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறு 60 அடி. அப்பா காலத்தில் அதற்குள்ளேயே சைடு போர் போட்டார். நான் 400 அடிக்குப் போர் போட்டேன், வற்றிப்போனது. இப்போது ஓடுகிற போர் 950 அடி. மழை குறைந்ததும் காரணம்தான், சுற்றிலும் சாயப்பட்டறைகளும் ஊரும் வளர்ந்ததும் காரணம்தான். ஆனால் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்திருந்தால்கூட, அந்த மோட்டாரை வழிகிற வரைக்கும் ஓட விட்டிருப்பேனா? மாட்டேன். அந்த ஒரு ரூபாயை நான் மின்வாரியத்துக்குக் கொடுக்கவில்லை. மாறாக போர்வண்டிக்காரனுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தேன்.

இலவசக் கரண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லையென்றால் இந்தப் பக்கம் பாதிக் காடு சைட்டாகிவிடும். ஆனால் டாக்சித் தம்பிக்கும் மாப்பிள்ளைக்கும் போட்ட கணக்கை எனக்கும் போட்டுப் பார்க்கத்தானே வேண்டும்? ரெண்டு ஏக்கர்காரரின் அஞ்சு குதிரை மோட்டாருக்கும், தோப்புக்காரரின் பதினஞ்சு குதிரை மோட்டாருக்கும் ஒரே இலவசம். இறைக்க இறைக்க மானியம் கூடுகிறது, மிச்சம் பிடித்தால் ஒன்றுமில்லை. நான் எவ்வளவு மிச்சம் பிடித்தேனோ அதில் பாதியையாவது பணமாகக் கையில் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஆட்டோ ஸ்டார்ட்டரை மறுநாளே கழற்றிவிடுவேன்.

காலையில் மாப்பிள்ளை கிளம்பும்போது, "நேத்து கொஞ்சம் அதிகமாப் பேசிட்டனுங்க மாமா" என்றான். "நானுந்தான்" என்றேன். வீட்டுக்காரி ஒரு சாக்குத் தேங்காயைக் காரில் ஏற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். "வாங்க அத்தை, அவிநாசில இறக்கி விட்டுடறேன்" என்று கூப்பிட்டான். "நீ போ கண்ணு. எனக்கு டவுன் பஸ்ஸே ஓசிதான். உங்க ரெண்டு பேரு மாதிரி கணக்குப் பேப்பரும் வேண்டாம்" என்று போய்விட்டாள்.

ஆட்டோ ஸ்டார்ட்டரை நான் இன்னும் கழற்றவில்லை. மேனுவலில் போட்டு வைத்திருக்கிறேன். பத்து நாளில் ரெண்டு ராத்திரி எழுந்து போகச் சோம்பல்பட்டு மறுபடி ஆட்டோவுக்கு மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்சித் தம்பி ரெண்டு பேங்கில் கேட்டுப் பார்த்தார். இன்னும் பழைய டீசல் வண்டியில்தான் விடிகாலை நாலு மணி ஏர்போர்ட் சவாரிக்குக் கிளம்புகிறார். சாவியைத் திருகினால் தெருவே எழுந்துகொள்கிறது. நாய் விடாமல் குரைக்கிறது.