இரு சபைகளில் ஒரு சாட்சியம்

தமிழில் எழுதி முடித்த கவிதையை மறுபடி ஆங்கிலத்திலும் எழுதிப் பார்க்கும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கும் என்னிடம், அட்டன் பக்கத்து இளம் எழுத்தாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. தாய்மொழியில் நிறைவாகச் சொல்லிவிட்ட துயரத்தை இன்னொரு மொழியிலும் சொல்ல வேண்டிய அவசியம் என்ன, அதிலும் நம்மை வேலை வாங்கிய துரைமாரின் மொழியிலே சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் என்ன என்பதே அந்தக் கேள்வி. அது நியாயமான கேள்வி; கோபத்தில் பிறந்ததாயினும் நியாயமானது. அதற்கு என் அனுபவத்தில் கண்ட விடையைக் கூறுமுன், இந்தப் பாதையில் எமக்கு முன்னே நடந்த ஒருவரை நினைவுகூர்வது முறையாகும்.

1914ஆம் ஆண்டு மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் வெற்றிபெற்ற எழுவருள் ஒருவராக, தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்திற் பிரவேசித்தார். அவர் அங்கு அமர்ந்திருந்த காலத்திலேயே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் செய்யப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தமும், அவரை அனுப்பிவைத்த மக்களின் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறித்துக்கொண்டன. விடியற்காலைத் தப்பொலியையும் கொழுந்து மலையையும் லயத்து வாழ்வையும் பாடும் அவருடைய நெடுங்கவிதை 1950களின் முற்பகுதியில் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தது. அதைச் சக்தீ அ. பாலையா தமிழாக்கி, 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் 1969இல் தமிழ் வாசகர் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பாடப்பட்ட மக்களில் பெரும்பாலோர் படிக்கவியலாத ஒரு மொழியில் அவர்களுடைய காவியம் முதலிற் பிறந்தது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அம்மக்களை நாடற்றவர்களாக்கிய சட்டம் எந்த மொழியில் வரையப்பட்டு, எந்த மொழியில் விவாதிக்கப்பட்டு நிறைவேறியது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமானால், அந்தத் தேர்வின் தர்மம் நமக்குப் புலனாகும். தீர்ப்பு எந்தச் சபையில் வழங்கப்பட்டதோ, அந்தச் சபையின் மொழியிலேயே அவர் சாட்சியம் கூறினார். அதே மனிதர் பிற்காலத்தில் லயங்களில் பாடப்பட்ட பாடல்களைத் திரட்டி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாக்கினார் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, ஆங்கிலத்தில் எழுதியதால் அவர் தமிழை விட்டு ஒரு கணமும் அகலவில்லை என்பது தெளிவாகிறது.

எங்கள் மலைகளில் இருமொழி நூல்கள் சி. வி.க்கு நெடுங்காலம் முன்பே வந்துவிட்டன. ஆனால் அவை கவிதை நூல்கள் அல்ல. தோட்டத்திற்குப் புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் தொழிலாளரை வேலை வாங்கக் கற்றுக்கொள்ளும் பொருட்டு அச்சிடப்பட்ட கைநூல்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்த அத்தகைய ஒன்றிற்கு 'இங்கே வா' என்பதே பெயராக அமைந்தது. 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய மற்றொன்றோ 'கூலித் தமிழ்' என்று தன்னை அழைத்துக்கொண்டது. வா, போ, வெட்டு, தூக்கு என்ற ஏவல்களால் நிறைந்த அப்பக்கங்களில், ஏவப்பட்டவன் மறுமொழி கூறுவதற்கு அதிகம் இடம் வைக்கப்படவில்லை. இன்னொருபுறம், 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நிறுவிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் துயரைச் சிந்துப் பாட்டாக இயற்றி, தோட்ட மக்கள் நடுவே தாமே பாடினார். கட்டளையின் ஆங்கிலமும் பாட்டின் தமிழும் ஒரே மலைச்சரிவில், ஒன்றன் செவியில் மற்றது விழாதபடி வாழ்ந்திருந்தன என்று சொல்லலாம். அந்த இடைவெளியைக் கடந்து, ஏவப்பட்டவனின் மறுமொழியை ஏவியவன் மொழியிலே எழுதத் துணிந்ததுதான் சி. வி. செய்த காரியத்தின் மகத்துவம்.

என் தொழிலில் நான் பற்றி நிற்கும் கொள்கையும் இதிலிருந்து பிறந்ததே. இருமொழிக் கவிதையின் இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று பிரதிகளாக இருக்க வேண்டியதில்லை; ஒவ்வொன்றும் தன் எதிரே அமர்ந்திருப்பவரை நோக்கிப் பேச வேண்டும். தமிழ்ப் பக்கத்தின் எதிரே இருப்பவர் பெரும்பாலும் சம்பவத்தை அறிந்தவர்; அவருக்கு வேண்டியது உறவு சொல்லி விளிக்கும் குரலும், தாம் பட்டதை இன்னொருவரும் பட்டார் என்ற ஆறுதலும். ஆங்கிலப் பக்கத்தின் எதிரே இருப்பவரோ அறியாதவர். சில வேளைகளில் அறிய விரும்பாதவருங்கூட. அவருக்கு ஆண்டும், சட்டத்தின் பெயரும், எடையும், தொகையும் வேண்டும். உணர்ச்சியை ஆங்கிலத்தில் பெருக்கி, விவரத்தைத் தமிழில் நிரப்புவதே பலரும் இயல்பாகச் செய்வது. நான் அதை நேர்மாறாகச் செய்யப் பழகினேன்.

மாலை நிறுவையைப் பற்றி நான் எழுதிய கவிதையை இதற்கு உதாரணமாகக் காட்டலாம். மலையிலிருந்து பெண்கள் இறங்கி வருகிறார்கள். இடுப்பிற் கட்டிய படங்கு மழையில் நனைந்து கனக்கிறது. தலையிற் கூடைக்கயிறு அழுத்திய தடம் முன்னெற்றியில் சிவந்து கிடக்கிறது. கொழுந்து மடுவத்தில் தராசுக் கொக்கியில் சாக்கு ஏறுகிறது, ஆடுகிறது, நிலைகொள்ளுமுன்பே இறங்குகிறது. கணக்கப்பிள்ளை எண்ணைக் கூவிவிட்டு, சாக்கின் எடைக்கும் கொழுந்தில் நின்ற மழைநீருக்குமாகச் சிறிது கழித்துக்கொண்டு புத்தகத்தில் எழுதுகிறார். தமிழ்ப் பக்கத்தில் இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: வரிசையில் நிற்கும் பெண் தராசு முள்ளைப் பார்க்கவில்லை, எழுதும் பேனாவைப் பார்க்கிறாள். அவ்வளவே போதும், அதைப் படிக்கும் எங்களூர்ப் பெண்ணுக்கு அரைப்பேர் என்றால் என்ன, அது எப்படி விழுகிறது என்று எவரும் விளக்கத் தேவையில்லை. ஆங்கிலப் பக்கத்திலோ அந்தப் பார்வையை அறவே நீக்கிவிட்டு, மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தினேன்: தராசு காட்டியது 20 கிலோ, புத்தகம் ஏற்றது 17, அன்றைய நாளுக்கு விதித்தது 18. நான்காவது வரியில் பாதிச் சம்பளம் என்ற செய்தி மட்டும் நிற்கும். இரங்குமாறு அந்த வாசகரை நான் வேண்டவில்லை. அவரே கழித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார் என்பது என் நம்பிக்கை.

புலப்பெயர்வைப் பாடும்போது எங்கள் மக்களின் நிலை இன்னும் சிக்கலாகிறது. ஏனைய தேசங்களில் மனிதன் தன் ஊரை விட்டு ஓடினால் அகதியாகிறான். இங்கோ தன் லயத்தின் வாசற்படியை விட்டு இறங்காமலே ஒரு மக்கட் கூட்டம் 1948இல் நாடற்றதாயிற்று. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கு நிறுத்திவைத்தது. 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். என் தந்தைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. சித்தப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட ரயிலை எங்கள் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். செத்தவர்க்குப் பாடும் பாட்டை உயிரோடு போகிறவர்களுக்காக, கழுத்தைக் கட்டிக்கொண்டு, புகையிரத மேடையிலே பாடினார்கள். ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் கூடலூரையும் கோத்தகிரியையும் அடைந்தவர்கள், அங்கும் தேயிலைச் செடியையே கண்டார்கள். இங்கே 'இந்தியாக்காரர்' என்று தள்ளப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரர்' என்று சுட்டப்பட்டார்கள்.

இந்தக் கோச்சியைத் தமிழில் எழுதியபோது ஒப்பாரியின் உருவத்தையே எடுத்துக்கொண்டேன். "கூடப் பொறந்தவனே" என்ற விளி வரிதோறும் திரும்பி வர, அதன் பின்னே அண்ணன் தம்பிக்குக் கொடுத்தனுப்பும் சிறு பொருள்கள் ஒவ்வொன்றாக வரும். ஒப்பாரியில் பாடுகிறவளுக்கு எதிரே ஒருவர் இருந்தே தீரவேண்டும். விளி அறுந்தால் பாட்டும் அறுந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த உருவத்தைக் கொண்டுசெல்ல நான் முயலவில்லை. அங்கே அது கேட்போருக்கு விநோதமான ஓர் ஆபரணமாக மட்டுமே தெரியும் என்று அஞ்சினேன். அதனால் ஆங்கிலக் கவிதையை ஒரு விண்ணப்பப் படிவமாக எழுதினேன். பெயர், தோட்டம், குடும்பத்தில் எத்தனை பேர், பிறந்த இடம், செல்லும் இடம் என்று படிவம் கேட்டுக்கொண்டே போகும். பிறந்த இடத்துக்கு எதிரே தலவாக்கலை என்றும், செல்லும் இடத்துக்கு எதிரே தாயகம் என்றும் மனிதர் நிரப்புவார். அத்தாயகத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை என்பது, கேட்கப்படாத கேள்வியாக, வெற்றுக் கட்டமாகவே நிற்கும். ஒப்பாரியும் படிவமும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் நிகழ்ந்தவை. அழுதவர்கள் தமிழில் அழுதார்கள், பதிந்தவர்கள் ஆங்கிலத்தில் பதிந்தார்கள். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த நாள் முழுமையாகிறது.

உள்நாட்டு யுத்தத்தை எழுதப் புகுந்தபோது இந்த ஏற்பாடு என்னைக் கைவிட்டது என்பதையும் கூறவேண்டும். தமிழருக்கு எதிரான 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு திருத்திக் குடியேறிய குடும்பங்கள் அநேகம். என் அத்தையின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. பாதுகாப்பை நாடிச் சென்றவர்களே பின்பு யுத்தத்தின் நடுவே அகப்பட்டு, 2009 வரை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். இதைத் தமிழில் எழுதுகையில், தமிழ் வாசகர் அறிந்தவர் என்ற என் எண்ணம் செல்லுபடியாகவில்லை. தேயிலை மலையிலிருந்து வந்தவர்களும் வன்னி மண்ணில் மாண்டார்கள் என்பதை யாழ்ப்பாணத்து வாசகரிடமும் சென்னை வாசகரிடமும் நான் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ஆகவே அத்தையை விளித்து எழுதிய தமிழ்ப் பாட்டிலேயே, அவர் நடந்த ஊர்களின் பெயர்களை வரிசையாக நிறுத்தினேன். ஒரு மொழிக்குள்ளேயே அறிந்தவரும் அறியாதவரும் உண்டு என்ற உண்மையை எனக்கு உணர்த்தியது இந்தக் கவிதையே.

ஆங்கிலத்தையும் எப்போதும் எதிர்த்தரப்பின் மொழியாகக் கருதுவது அறமாகாது. கண்டியில் வாழ்ந்து, தமிழரை மணந்த பறங்கியப் பெண்மணியான ஜீன் அரசநாயகம், 1983 ஜூலை வன்செயலின்போது தம் குடும்பத்தோடு அகதி முகாமில் தஞ்சமடைந்த அனுபவத்தை ஆங்கிலத்திலேயே கவிதைகளாக்கினார்; அவருக்கு அது துயரத்தின் சொந்த மொழி. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமும் சாஷா எபெலிங்கும் மொழிபெயர்த்து 2016இல் இங்கிலாந்தில் வெளியான ஈழப்போர்க் கவிதைத் தொகுப்பில் தமிழும் ஆங்கிலமும் இணைந்தே நிற்கின்றன. லண்டனிலோ டொரொன்டோவிலோ பிறந்து வளர்ந்த பிள்ளை, ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, தனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத தமிழை வாசித்துக் காட்டும்படி தாயிடம் கேட்குமானால், அவ்வகை நூல்கள் தம் பிறவிப்பயனை அடைந்தன என்பேன்.

எனினும் எங்கள் மலைகளைப் பொறுத்தவரை, இரண்டு பக்கங்களோடு கடமை முடிந்துவிட்டதாக இப்போது நான் நினைக்கவில்லை. 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்திற்குப் பின் தோட்டத்து மனிதரின் கைக்கு வந்த அரசாங்கக் கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் வந்தன; தோட்டத்து எல்லையில் காணியும் வயலும் உடைய அயலவர் சிங்களம் பேசுபவர். 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோர் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்துவைத்தது. ஆனால் லயங்கள் இன்னும் நிற்கின்றன, காணியுரிமை இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த உரிமையை வழங்கும் சபையிலும், அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ குரல் கொடுக்கும் அயலூரிலும், இன்று வழங்கும் மொழி சிங்களம். சி. வி. இன்று எழுதத் தொடங்கியிருப்பாரானால், தாம் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொண்ட அதே காரணத்தால் சிங்களத்தையும் தேர்ந்துகொண்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகையால், ஆங்கிலத்தில் ஏன் எழுதவேண்டும் என்று என்னைக் கேட்கும் இளைஞர்களிடம் நான் ஒன்றை வேண்டிக்கொள்கிறேன். என் தலைமுறையினரில் பலருக்கு வாய்க்காத சிங்களம், கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பழகி, உங்கள் நாவில் சரளமாக இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தை உறவுக்காக எழுதுங்கள். ஆங்கிலப் பக்கத்தை உலகுக்காக எழுதுங்கள். மூன்றாவது பக்கத்தை அடுத்த வீட்டாருக்காக எழுதுங்கள். நமக்கு நேர்ந்ததை முதலில் அறிந்திருக்க வேண்டியவர் அவரே.